புதன்கிழமைப் புதினம்

அந்தக் கம்பளம் கடிக்கும். சப்பாணி கட்டி உட்கார்ந்த சற்று நேரத்திலேயே அதன் முரட்டு நார்கள் தொடையின் அடிப்புறத்தைக் குத்தத் தொடங்கிவிடும். எழும்பிப் பார்த்தால் தோலில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள் விழுந்திருக்கும். பழுத்த வாழைப்பழமும் ஈரக் காலுறையும் கலந்த மணம் ஒன்று அதிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும். வென்ட்வேர்த்வில்லில் நான் இரண்டாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடத்தில், காலையில் எங்கள் வகுப்பு முழுவதும் அந்தக் கம்பளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொருவராக முன்னால் போய் நின்று "நியூஸ்" சொல்ல வேண்டும்.

நியூஸ் என்றால் நாட்டுச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி, எங்கள் பேச்சில் சொன்னால் புதினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிழமை உண்டு. எனக்கு வாய்த்தது புதன்கிழமை. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அதன்பின் கம்பளத்தில் இருப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பல் விழும், நாய்க்குட்டி வரும், கடற்கரையில் தாத்தாவின் தொப்பி காற்றோடு போகும். எங்கள் வீட்டிலோ "வீட்டுக் கதை வெளியில போகக்கூடாது" என்பதுதான் முதல் சட்டம். அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் நெடுநாள் இருந்தவர். அந்த நாள்களிலிருந்து, பேனாவும் கையுமாக யாரைக் கண்டாலும் அம்மாவுக்குப் பயம். ஆகவே புதன்கிழமைதோறும் நான் எழும்பி நின்று, கோயிலுக்குப் போனோம், வடை சாப்பிட்டோம் என்று சொல்லுவேன். எங்கள் ஆசிரியை மிஸ் ஹேல் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் "நல்லது" என்பார். சொல்லக் கதை இருந்தும் சொல்ல முடியாமல் நிற்பது என்னவென்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா ஆரணி அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை பஸ்ஸில் தலைநகர் கன்பராவுக்கு அழைத்துப்போவார்கள். பாராளுமன்றம் பார்த்து, இரவில் சிநேகிதிகளோடு அடுக்குக் கட்டிலில் படுத்து, மூன்றாம் நாள் திரும்புவார்கள். அக்கா அதற்கு ஒரு மாதம் முன்பே பையை அடுக்கிவிட்டாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி அடுக்குவாள். அப்படி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் அவள் வயதுக்கு வந்து "பெரியபிள்ளை" ஆனாள்.

அன்று மாலையே குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பெரியமாமி, அதாவது அப்பாவின் அக்கா, இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். வந்த கையோடு வீடு அவருடையதாகிவிட்டது. அக்காவும் நானும் படுக்கும் அறைக்குள் அக்காவை இருத்தி, யன்னல் திரையை இழுத்து மூடி, கதவைச் சாத்தினார். அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. காலையில் பச்சை முட்டை, பிறகு அந்த முட்டைக் கோதாலேயே அளந்து நல்லெண்ணெய், மத்தியானம் உழுத்தங்களி. துணைக்கு இரும்பு ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எங்கள் யூனிற் வீட்டில், ஊரில் வைப்பதுபோல் ஓலை சீவும் சத்தகத்துக்கு எங்கே போவது? அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குரூட்ரைவரை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்கள். நான் அக்காவைத் தொட்டால் தலை முழுக வேண்டும். அப்பா அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பேக்கரியில் இரவு வேலை முடித்து வரும் அப்பா, அந்தக் கதவைக் கடக்கும்போது செருமிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார். அவள் விரும்பும் சொக்லேற் பாலை வாங்கி வந்து என்னிடம் தந்து, "குடு. நான் தந்தது எண்டு சொல்லாதை" என்பார்.

கன்பராவைப் பற்றி அம்மாதான் மெதுவாக எடுத்தார். மாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணி வாக்க முந்திப் பிள்ளையை வாசல் தாண்ட விடுறதோ? நல்ல கதை! நாள் பாத்துத் தண்ணி வாத்து, கலியாண ஹோல் எடுத்துச் சடங்கு செய்து, அதுக்குப் பிறகு எங்கயும் போகட்டும்."

தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தீட்டுக் கழிக்க ஐயர் பார்த்துச் சொன்ன நல்ல நாள் கன்பரா பஸ் போய்த் திரும்பியதற்குப் பிறகுதான் வந்தது. கதவுக்கு உள்ளே எதுவோ தொப்பென்று விழுந்தது. பை என்று நினைக்கிறேன். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்தில ஆரும் கேட்டா அக்காவுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்கக்கூடாது, விளங்கிச்சே?" என்றார். நான் "ஓமம்மா" என்றேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமி ரீவித் தொடரில் ஆழ்ந்திருந்தார். ரெலிபோன் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா யாரையும் அழைத்துப் பேச வழி இல்லை. நான் கதவோடு ஒட்டி நிலத்தில் உட்கார்ந்தேன். மறுபுறம் அக்காவும் அப்படியே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அடிக்கதவு இடைவெளியால் நல்லெண்ணெய் மணம் வந்தது. அவள் மெல்லிய குரலில், இங்கிலீசில், நாளைக்கு உன் நியூஸ் என்ன என்று கேட்டாள். வடை என்றேன். இல்லை, நான் சொல்லித்தாறதைச் சொல்லு என்றாள். அழுது சொல்லாதே, சோடித்துச் சொல்லாதே, உள்ளதை உள்ளபடி சொல்லு, ஆனால் ஒன்றையும் விடாமல் சொல்லு. வரி வரியாகச் சொல்லித் தந்தாள், நான் திருப்பிச் சொன்னேன், பிழைத்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து. இடையில் வீட்டுக்குப் பின்னால் ரயில் போனால் அது கடக்கும்வரை காத்திருந்தோம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று கேட்டேன். "பிளீஸ்" என்றாள். அக்கா என்னிடம் அந்தச் சொல்லை அதற்கு முன் சொன்னதே இல்லை.

மறுநாள் கம்பளத்தின் முன் நின்று ஒப்பித்தேன். என் அக்கா வெள்ளிக்கிழமையிலிருந்து ஓர் அறைக்குள் இருக்கிறாள். அவள் வெளியே வரக் கூடாது. பச்சை முட்டையும் எண்ணெயும் குடிக்கிறாள். தலையணைக்குக் கீழே ஸ்குரூட்ரைவர் இருக்கிறது. அவளைத் தொட்டால் நான் குளிக்க வேண்டும். அப்பா அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. கன்பரா பஸ் நாளைக்குப் போகிறது.

முதல் கேள்வி, அக்கா என்ன குற்றம் செய்தாள் என்பது. ஒன்றும் செய்யவில்லை, எல்லாருக்கும் சந்தோசம் என்றேன். கேக் இருக்கிறதா என்று இன்னொருவன் கேட்டான். பிறகு ஹோலில் இருக்கும், மூன்று தட்டுக் கேக் என்றேன். மூன்றாவது கேள்வியை மிஸ் ஹேல் கேட்டார். பிள்ளைகளின் கேள்வியை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. அக்கா வெளியே வர விரும்புகிறாளா என்றார். ஓம் என்று தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீசிலும் சொன்னேன். அவர் "நல்லது" என்று சொல்லவில்லை.

இடைவேளைக்கு விளையாட விடாமல் என்னை அதிபரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அதிபரும், பிள்ளைகளோடு பேசி விசாரிக்கும் ஆலோசகரான இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் குரல் பஞ்சுபோல இருந்தது. பிஸ்கற் தந்தார்கள், வீட்டை வரைந்து காட்டச் சொன்னார்கள். அப்பாவுக்கு நீ பயமா என்று கேட்டார் அவர். இல்லை, அப்பாதான் மாமிக்குப் பயம் என்றேன். அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். அம்மா நல்லவர் என்றேன், எழுதினார். அக்காவை ஒருவரும் அடிக்கவில்லை என்றேன், அதையும் எழுதினார். நல்லதாகச் சொல்லச் சொல்ல எல்லாம் மோசமாகிக்கொண்டு போவது எனக்கே விளங்கியது, ஆனால் வாயை மூடினால் அது இன்னும் மோசமாகப் பட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடினார்கள். ஒருவரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, ஆனாலும் நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எங்கள் எல்லாரையும் வில்லாவுட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், அதுவும் என்னால், என்று நினைத்து அழத் தொடங்கினேன்.

முதியோர் இல்லத்தில் வேலையிலிருந்த அம்மா சீருடையோடு ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த பேனாவைத்தான் பார்த்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், நாங்கள் நல்ல ஆட்கள் என்று தொடங்கி, சடங்கு, எண்ணெய், ஸ்குரூட்ரைவர் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னார். கேட்கக் கேட்க அதிபரின் முகம் இளகி, கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தும் விட்டார். உங்கள் வழக்கத்தில் நாங்கள் தலையிடவில்லை, ஆனால் ஆரணிக்குப் பஸ்ஸில் இடம் இருக்கிறது, அவள் வந்தால் சந்தோசம், அவ்வளவுதான் என்றார். அவர் கேட்டுக்கொண்டார், அம்மாவின் காதில் அது கட்டளையாக விழுந்தது. போவாள், போவாள், நாளைக்கே போவாள் என்று அம்மா மூன்று தடவை சொன்னார். வீடு வரும் வழியில் தெருவைக் கடக்கும்போது என் மணிக்கட்டைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தார்.

வீட்டில் மாமி குதித்தார். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமோ? நாளும் பாக்காமல் தண்ணி வாத்தால் நாலு சனம் என்ன சொல்லும்?" நித்திரையிலிருந்து எழும்பி வந்த அப்பா சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தமக்கைக்கு எதிராக அவர் வாய் திறந்து அன்றுவரை நான் கண்டதில்லை.

"அக்கா, முகாமில கதவு எப்ப திறக்கும் எண்டு நானும் நாள் பாத்துக்கொண்டு கிடந்தனான். அடைச்சு வைச்சது காணும். இண்டைக்கே தண்ணி வாருங்கோ."

மாமி வார்த்தார். மறுநாள் விடிய, ஈரம் காயாத தலையோடும் மஞ்சள் மணத்தோடும் அக்கா பஸ்ஸில் ஏறினாள். யன்னலுக்கு உள்ளே அவள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும். திரும்பி வந்தபோது பாராளுமன்றப் படம் போட்ட பென்சில் ஒன்று எனக்குத் தந்தாள். சில வாரங்கள் கழித்து ஹோல் எடுத்து, மூன்று தட்டுக் கேக் வெட்டிச் சடங்கும் நடந்தது. படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்தச் சடங்கிலேயே மாமி தொடங்கிவிட்டார். யாரோ ஏதோ குசுகுசுக்க, "இவளுக்கு முன்னால கதைக்காதேங்கோ, புதன்கிழமை வந்திடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பகிடி பிறகு எங்கள் குடும்பத்தில் பழமொழிபோல ஆகிவிட்டது. யாருக்குக் கலியாணம் குழம்பியது, யார் யாரோடு கோபம், யாருக்கு விசா மறுத்தார்கள் என்ற எதுவும் என் காதுக்கு வராது. நான் குசினிக்குள் போனால் பேச்சு நின்று, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். நான் வளர்ந்தேன், பகிடி போனது, பழக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்திலோ நான் மறுபடி வடைக்கே திரும்பியிருந்தேன். அப்பா மட்டும் வேலைக்குப் புறப்படும்போது, "இண்டைக்கு என்ன நியூஸ், ரீச்சர்?" என்று என்னைக் கேட்பார். அவரிடம் எல்லாம் சொல்லுவேன்.

அந்த அப்பாவுக்கு ஈரலில் நோய் வந்தபோது நான் மெல்பேர்னில் கடைசி ஆண்டுப் படிப்பில் இருந்தேன். அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், கோயில் ஐயருக்கும்கூடத் தெரிந்திருந்தது. எனக்கு அழைப்பு வந்தது அப்பாவின் பேச்சு நின்றபிறகு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என் நியூஸ் முழுவதையும் அவருக்குச் சொன்னேன். கேட்டாரா என்று தெரியாது. செத்தவீடு முடிந்து அக்காவின் வீட்டுக் குசினியில் அவளை மறித்துக் கேட்டேன். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "அப்பாதான் சொல்லாதை எண்டவர். படிப்புக் குழம்பும் எண்டு" என்றாள். பிறகு இங்கிலீசில், உன்னைப் பற்றி உனக்கே தெரியும்தானே என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அவள் அறைக்குள் இருந்தபோது அவளுக்காக வாய் திறந்தவள் நான். என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியவர்களில் அவளும் ஒருத்தி.

நாங்கள் இருந்த யூனிற்றை இடித்து அங்கே எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். மாமியும் போய்விட்டார். இப்போது எங்கள் சொந்தத்தில் யாரும் பெண்பிள்ளைகளை அறைக்குள் இருத்துவதில்லை, நேரே ஹோல்தான். அம்மா குவேக்கர்ஸ் ஹில்லில் அக்காவோடு இருக்கிறார். நான் மெல்பேர்னிலேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, "என்ன புதினம் அம்மா?" என்று கேட்பேன். "ஒரு புதினமும் இல்லைப் பிள்ளை, எல்லாரும் சுகம்" என்பார்.

போன ஞாயிறு அவர் அப்படிச் சொல்லி முடிக்கும் முன்பே இருமல் கேட்டது. நெஞ்சின் அடியிலிருந்து வரும் இருமல், நிற்க நேரம் எடுத்தது.

"என்னம்மா இருமல்?"

"அது ரீவியில, பிள்ளை."

ரீவி ஓடும் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.