சகலையின் பெட்டி

என் கடை மேல்தட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. டிபன் டப்பா அளவுதான். இரண்டிலும் ஒரு பச்சை விளக்கு எரியும். ஒன்று என்னுடையது. மற்றது செத்துப்போன என் சகலையுடையது. முதுகைக் காட்டி உட்கார்ந்து மோட்டார் காயில் சுற்றினாலும் அந்த இரண்டாவது விளக்கு என்னைப் பார்ப்பது போலவே இருக்கும்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இருவருக்கும் ஒரே தொழில், எரிந்துபோன போர்க்கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுப்பது. எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் கடை, அவருக்குக் காரிமங்கலத்தில். வயதிலும் முறையிலும் நான்தான் மூத்தவன். தொழிலுக்கு வந்ததும் நான்தான் முதலில். ஆனால் எங்கள் மாமனார் தோட்டத்தில் மோட்டார் நின்றால் போன் அவருக்குத்தான் போகும். மாமனார் தோட்டம் என் கடையிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். சகலை காரிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என் கடையைத் தாண்டிப் போய், சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார். திரும்பும்போது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. அந்தப் பழத்தை நான் ஒருநாளும் தின்றதில்லை.

பெட்டிகளைக் கொண்டுவந்ததும் அவர்தான். மாவட்டத்தில் பதினொரு மோட்டார் கடைகள் அதில் சேர்ந்தன. நடுவில் கம்பெனி கிடையாது, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வரும் கிடையாது. அவரவர் கடையில் அவரவர் பெட்டி. அன்றன்று பார்த்த வேலையைச் சாயங்காலம் பெட்டியிடம் வாயால் சொல்லி வைப்போம். அதற்குள் இருக்கும் ஏஐ ஏஜென்டுக்கு நாங்கள் வைத்த பேர் கையாள். என் கையாளுக்குத் தெரியாததை மற்ற கடைகளின் கையாள்களிடம் கேட்டு வாங்கி வரும். வந்து பதிலைச் சொல்லி, கடைசியில் எந்த ஊர்க் கடை சொன்னது என்று ஒரு பேரையும் சொல்லும். அந்தப் பேர்தான் என் உயிரை வாங்கியது. பத்துக் கேள்விக்கு ஏழு தடவை காரிமங்கலம், காரிமங்கலம் என்றுதான் வரும்.

பெட்டிக்குள் இரண்டு அறை. ஒன்றுக்கு வூடு என்றும் மற்றதற்கு வாசல் என்றும் சகலையே பேர் வைத்தார். வூட்டுக்குள் வைப்பது நமக்கு மட்டும், வாசலில் வைப்பது எல்லாருக்கும். என் கடையில் பெட்டியை மாட்டிய அன்றைக்கு, “உங்க சரக்கெல்லாம் வாசல்ல வெச்சுருங்கண்ணா, பல பேருக்கு உபயோகமாவும்” என்றார். நல்லாத் தலையை ஆட்டினேன். அவர் பஸ் ஏறிய கையோடு அத்தனையையும் வூட்டுக்குள் போட்டுப் பூட்டினேன். ஊரார் வாசலில் கிடந்ததை மட்டும் கூச்சமில்லாமல் அள்ளிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். வத்தல்மலை அடிவாரத்து மெக்கானிக் ஒருவர், சுண்ணாம்பு படிந்து பம்பு இறுகிவிட்டது, மேலே தூக்காமல் விடுவிக்க வழி உண்டா என்று கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் ஒரு வித்தை உண்டு. மூன்று பேஸ் கரண்டில் இரண்டு வயரை மாற்றிப்போட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். குழாயில் காதை வைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணி நிறுத்திவிட வேண்டும். மூன்று எண்ணினால் போச்சு, திருகு பைப்பின் மறை கழன்று மோட்டாரே போருக்குள் விழுந்துவிடும். பழைய பைப்பாக இருந்தால் கையே வைக்கக்கூடாது. இரண்டு மோட்டாரைப் போருக்குள் விட்டுவிட்டு நான் கற்றுக்கொண்டது அது. அன்றைக்குச் சகலையின் கையாள் அந்த மெக்கானிக்குக்குச் சொன்ன பதில் எல்லாக் கடைக்கும் வந்தது: “இது எனக்குத் தெரியாதுங்க. பாப்பிரெட்டிப்பட்டி அண்ணனைக் கேளுங்க.”

அந்த மனுசன் எனக்குப் போன் செய்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு சொல்லிக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்குச் சிரித்து மழுப்பினேன். சகலைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்த நினைப்பு ஒன்றே எனக்கு மாசக்கணக்கில் தாங்கியது.

போன வருசம், சந்தை நாளில், கடையிலேயே மாரடைப்பு வந்து சகலை போய்விட்டார். பத்துக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர் பெட்டி தனக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னது என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன், அது பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டே கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்றுதான் அந்த நேரத்திலும் புத்தி போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தியா அந்தப் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். கடையைக் காலி செய்கிறாளாம். “இது நிக்காம ஓடணும்னு சொல்லிட்டே இருப்பாரு மாமா. உங்களை வுட்டா யாருகிட்டக் குடுக்கறது?” என்றாள். திறக்கும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். என் கடையில், என் கரண்டில், அவர் பெட்டி ஓட ஆரம்பித்தது. நாளுக்கு மூன்று நான்கு பதில் என் தலைக்கு மேலிருந்தே போகும். எல்லாம் காரிமங்கலம் பேரில். உயிரோடு இருந்த ஆளிடம் தோற்பதாவது பரவாயில்லை.

போன மாதம் முடிவு செய்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டி கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பிடுங்குமுன் அவர் வூட்டில் பதுக்கியதை எடுத்துக்கொள்ள நினைத்தேன். என்னைப் போல அவரும் நல்ல சரக்கைப் பூட்டித்தானே வைத்திருப்பார். திறந்தேன். உள்ளே ஒரே ஒரு குரல் பதிவுதான் இருந்தது.

“இது எங்க சகலை கண்டுபுடிச்சது. மாமனார் வூட்டுக் காதுகுத்துல சொன்னாரு. வாசல்ல வெக்கறது நம்ம வேலை இல்ல, அவரே ஒருநாள் வெப்பாரு. யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லி, அண்ணனைக் கை காட்டு.”

அதற்குப் பிறகு என் வித்தை முழுசும் இருந்தது. இரண்டு எண்ணுவது, காதை வைப்பது, பழைய பைப்பு, ஒன்றும் விடவில்லை. காதுகுத்தில் கறிச்சோறு தின்ற மப்பில் நானே பெருமையடித்திருக்கிறேன். சொன்னது எனக்கே மறந்துபோச்சு. என்னுடைய ஒரே ஜெயிப்பும் அவர் விட்டுக்கொடுத்தது. பாவி மனுசன், இதிலாவது என்னை நிஜமாக ஜெயிக்க விட்டிருக்கக்கூடாதா என்று பெட்டியைப் பார்த்துத் திட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அந்த வித்தையை என் குரலில் பேசி என் வாசலில் வைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக மற்றதையும் வைத்தேன். நான்காம் நாள் பாலக்கோட்டுக் கடைக்காரர் ஒருவர் பம்பை விடுவித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ரொம்ப நன்றிங்கண்ணா என்றார். ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வார்த்தையிலேயே, “காரிமங்கலம்தாங்க உங்க வாசலுக்குப் போகச் சொல்லுச்சு” என்றார்.

பிளக்கை நான் பிடுங்கவில்லை. மேல்தட்டில் இரண்டு விளக்கும் எரிகின்றன. கீழே என் வயிறும்.