தமிழ் பேசாத ரோபோ

எண்பதுகளில் பாலக்கோட்டில் நான் டிக்கெட் போட்டு டிவியில் படம் காட்டும் வீடியோ சென்டர் நடத்தினேன். எனக்காக ஊருக்குள் மைக்கில் விளம்பரம் செய்தவர் மருதாணித் தாடி வைத்த ஒரு பாய். தான் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். ராட்சத ரோபோ வரும் ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று புதிதாக வந்தது. அதையும் முதலில் போட்டுப் பார்த்துவிட்டார்.

"தமிழ்ல பேசுதுன்னு சொல்லுங்க பாய்."

"பேசலீங்களே."

"சொன்னாத்தான் கூட்டம் வரும்."

மனமில்லாமல் சொன்னார். கூட்டம் வந்தது. ரோபோ ஜப்பான் மொழியில் பேசியதும் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

"தப்பு என்னுதுதாங்க. உக்காருங்க, கதைய நான் சொல்றேன்" என்றார் பாய்.

டிவி பக்கத்தில் நின்று, காட்சிக்குக் காட்சி கடைசிவரை சொன்னார். கிளம்பும்போது என்னிடம், "நாளைக்கு மைக்குல என்னான்னு சொல்லட்டுங்க?" என்றார்.

அது கோபமா, வெறும் கேள்வியா என்று இன்றும் தெரியவில்லை. அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.