பாதி வாளி

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். ஆஸ்பத்திரிப் போர்வைகள் இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு வரும்போது பிணக்கனம் கனக்கும். இரண்டு பேர் பிடிக்கிற மூட்டையை அவள் ஒற்றை ஆளாக இடுப்பில் ஏற்றி உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோய்விடுவாள். "கல்யாணத்தப்போ மாப்பிள்ளையையும் நீதான் தூக்கிட்டு வந்தியாமே?" என்று மேஸ்திரி சீண்டுவார். "ஆமா, இறக்கி வெச்சதுதான் தப்பு" என்பாள் அவள்.

ஐம்பத்தொன்றில் மாதவிடாய் நின்றது. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு மூட்டைகள் கனத்துக்கொண்டே போயின. மூட்டை என்னவோ அதே மூட்டைதான். யாருக்கும் தெரியாமல் சின்னச் சின்னதாகக் கட்டி ஒப்பேற்றினாள். ஒருநாள் ஈரத்தரையில் வழுக்கிக் கையை ஊன்றியவள், மணிக்கட்டு முறிந்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு மெலிந்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவளைக் கலக்கியது முறிவல்ல, வீட்டு ஜன்னலோரம் கிடந்த நாற்காலி. அது அவளுடைய அம்மாவின் நாற்காலி. அம்மா ஒருமுறை குளியலறையில் தடுக்கி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. இவள்தான் பயந்துபோய், "நீ உட்காரும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆறு வருஷம் தாங்கு தாங்கென்று தாங்கினாள். தெருவே வாய் நிறையப் புகழ்ந்தது. அம்மா மட்டும் தினமும் கெஞ்சுவாள்: "சும்மா இருக்க முடியலடி. பாதி வாளித் தண்ணியாவது தூக்கறேனே." இவள் சிரிப்பாள். அம்மாவின் தொடை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு வற்றியது. ஒருநாள் தனியாக எழுந்திருக்கப் பார்த்து விழுந்தாள், இடுப்பு எலும்பு போயிற்று. மூன்று மாதத்தில் ஆளும் போய்விட்டாள். அம்மா கிடந்த வார்டின் போர்வைகள் இவள் கைக்குத்தான் வெளுக்க வந்தன. அதில் அம்மாவுடையது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

கட்டுப் பிரித்ததும் பயிற்சி தருகிற பெண்ணிடம் அனுப்பினார்கள். மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, கையை ஊன்றாம எழுந்திருங்க, பார்க்கலாம்" என்றாள் அந்தப் பெண். இவளால் முடியவில்லை. கிரேனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பயப்படாதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு எலும்பும் சதையும் வேகமாக் குறையும். மாத்திரை மட்டும் போதாது, உடம்புக்கு வேலை கொடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்கணும். நல்லாருக்கிற கையால தொடங்குங்க."

"அப்போ... ஒருத்தரை ஆறு வருஷம் சும்மாவே உட்கார வெச்சிருந்தா?"

"ஐயோ, அது அவங்களை உட்கார வெச்சே கரைக்கிறதாச்சே! யாரை வெச்சிருந்தாங்க?"

"தெரிஞ்சவங்க" என்றாள் இவள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 'கரைக்கிறது' என்ற அந்தச் சொல் காதுக்குள்ளேயே இருந்தது. மகள் நாற்காலியில் புது மெத்தை போட்டு வைத்திருந்தாள். "நீ உட்காரும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்." ஒரு சொல் கூடக் குறைச்சல் இல்லை. நடந்து வந்த களைப்பில் இவள் உட்கார்ந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் அம்மாவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய இடம் ஒன்று உண்டு. இவள் கை தேடாமலேயே அங்கே போய் உட்கார்ந்தது.

வெடுக்கென்று எடுத்தாள். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு எழப் பார்த்தாள். பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தாள். மகள் ஓடி வந்தாள்.

"தொடாதே! தூக்கி விடாதே!"

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"இதே நாற்காலியிலதான் எங்கம்மாவை நான் உட்கார வெச்சேன். பாசத்துலதான் வெச்சேன். பாசத்துலயே கொன்னுட்டேன்டி."

மகள் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் மறுபடி முயன்றாள். மூன்றாம் தடவை தொடை நடுங்க நடுங்க எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"குழாயடியில இருக்கிற வாளியை எடுத்துட்டு வா. சும்மா இருக்க முடியலடி. பாதி வாளித் தண்ணியாவது தூக்கறேனே."

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் சிரித்துவிடுவாளோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு, மகள் நிற்கிற இதே இடத்தில் நின்றுதான் இவள் சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.