பெருமுக்கல் கண்ணையன் சிரித்த ஷாட்

சினிமாவில் கண்ணையன் அளவுக்கு ஒழுங்காகச் செத்தவன் எவனும் கிடையாது. நான் அடித்துச் சொல்வேன். பெரிய பெரிய நடிகர்கள் சாகிறதைப் பாருங்கள். குண்டு பாய்ந்த பிறகும் நின்று நிதானமாக வசனம் பேசுவார்கள். கண்ணை மூடிய பிறகும் வயிறு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். எங்கள் கண்ணையன் படுத்தான் என்றால் படுத்தான்தான். கலவரத்தில் செத்தவன், ஆற்றில் மிதந்து வந்தவன், ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி "இவனா பாரும்மா" என்று காட்டப்படுகிறவன், பண்ணையார் ஆட்கள் வெட்டிப்போட்ட கூலிக்காரன் எல்லாம் அவன்தான். எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தாறு வரை கொட்டகைக்குப் போனவர்கள் எங்கேயாவது அவனைப் பார்த்திருப்பார்கள். பெயர் தெரிந்திருக்காது. பிணத்துக்கு யார் பெயர் போடுகிறார்கள்?

பெருமுக்கல் மலையடியில் என் வீட்டுக்கு எதிர் வீடு அவனுடையது. நான் ராஜாமணி, அவர்களுக்கு ராஜாமணியக்கா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கண்ணையனுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போவான், வரப்பு வெட்டப் போவான். ஆனால் அவனைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் கிணற்று வேலைக்குத்தான் வருவார்கள். தூர் எடுக்க, பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு கழற்ற, குடம் விழுந்தால் எடுத்துக் கொடுக்க. தண்ணீருக்குள் போனான் என்றால், மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிற வரைக்கும் வெளியே தலை காட்டமாட்டான். அந்த மூச்சுதான் அவனைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது.

பனமலை ஏரிக்கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. செத்துக் கரை ஒதுங்க வேண்டிய நடிகர், ஊரில் அம்மா சீக்காய்க் கிடக்கும்போது பிணமாகப் படுக்க முடியாது என்று முறுக்கிக்கொண்டாராம். வேடிக்கை பார்க்கப் போன கண்ணையனை, "இவன் தண்ணிக்குள்ள எம்மா நேரம்னாலும் கெடப்பான் சார்" என்று கூட்டத்தில் எவனோ முன்னே தள்ளிவிட்டான். படுக்கப் போட்டார்கள். ஒரு ஈ வந்து அவன் இமையில் உட்கார்ந்து, மூக்கின் மேல் நடந்து, உதட்டுக்கு இறங்கியது. அவன் அசையவில்லை. டைரக்டர் கைதட்டினாராம். துணை நடிகர்களைக் கூட்டி வருகிற ஏஜெண்ட் பெரியதம்பி அங்கேயே அவன் விலாசத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கோடம்பாக்கத்தில் எந்தப் படத்துக்குப் பிணம் தேவைப்பட்டாலும் கண்ணையன் திண்டிவனம் போய் மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவான்.

அவன் பெண்டாட்டி தையல்நாயகி முதலில் ஆடாத ஆட்டமில்லை. தாலி கட்டியவன் அடிக்கடி செத்துச் செத்து வந்தால் எவள்தான் சும்மா இருப்பாள்? சாவு வீட்டுக்குப் போய் வந்தவனை நேராக வீட்டுக்குள் விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் அவனைத் தெருவிலேயே நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவாள்.

"இன்னாய்யா, செத்துட்டு வந்தியா?"

"ரெண்டு தரம்டி. காலைல லாரில அடிபட்டு, மத்தியானம் வெசம் குடிச்சி."

"அந்த வெசத்துல எனக்கும் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம் இல்ல?"

தெருவே கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் அவளுக்குள் பயம் இருந்தது. அதைத் தீர்த்தது ஒரே ஒரு விஷயம். பிணமாகப் படுத்தால் ஆயுசு குறையும் என்கிற பயம் சினிமாக்காரர்களுக்கும் உண்டு. அதனால் ஷாட் முடிந்தவுடனே படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் படம் பிடிப்பார்களாம். அப்போதுதான் தோஷம் கழியும்.

"நான் எத்தினி தரம் செத்தனோ அத்தினி தரம் சிரிச்சிருக்கேன். எல்லாம் அங்க பிலிம் பொட்டியில பத்திரமா இருக்குது" என்று கண்ணையன் எங்களிடம் சொல்வான். அதிலிருந்து அவள், அவன் தெருமுனையில் வரும்போதே, "சிரிச்சியா?" என்று கேட்பாள். "சிரிச்சேன்" என்ற பிறகுதான் குடத்தைத் தூக்குவாள்.

தையல்நாயகி அவன் நடித்த படத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தாள். திண்டிவனம் கொட்டகையில் தரை டிக்கெட்டில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். திரையில் கண்ணையன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். எவளோ ஒரு நடிகை அவன் மேல் விழுந்து தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். தையல்நாயகி எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்தாளு பொண்டாட்டி நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கேன். அவ யாருடி மாருல அடிச்சிக்கினு அழுவுறதுக்கு?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுகொண்டே வெளியே போனவள் அதன்பிறகு கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காந்திமதி பிறந்தபோது, திண்டிவனத்துக்குப் போய் மூன்று பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர்கள் கல்யாணம் மலைக்கோயிலில் நடந்தது, போட்டோ எடுக்க ஆள் வரவில்லை. நடிகர் சங்கத்து அட்டைக்கும் அவன் போட்டோ கொடுத்ததில்லை. பிணத்துக்கு எதற்கு அட்டை என்று பெரியதம்பி அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதற்குக் கண்ணையன் சிரித்தான்.

"இன்னாக்கா நீ, சினிமாவுல இருக்கிறவனுக்கு எதுக்கு போட்டோ? கொட்டாய்க்குப் போனா நம்ம மூஞ்சி சுவரளவுக்கு தெரியுது."

எண்பத்தாறு கோடையில், காந்திமதி தவழ்ந்துகொண்டிருந்த சமயம், வேங்கடேசன் என்பவருடைய கிணற்றில் ஃபுட்வால்வு கழற்றக் கூப்பிட்டார்கள். ரொம்ப நாளாகப் புழங்காத ஆழக் கிணறு. இறங்கியவன் கடைசிப் படியில் உட்கார்ந்தான். அப்படியே சுவரில் சாய்ந்தான். மேலே நின்றவர்கள் அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

"டேய் கண்ணையா, இங்க கேமரா இல்லடா, எழுந்திரு" என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் செய்கிறான் என்று ஒருத்தன் பாராட்டியிருக்கிறான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் போனதும் வேங்கடேசன் ஒரு லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதிக் கிணறு போவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. உள்ளே விஷக் காற்று என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் அங்கே சிரித்ததை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மல்லாட்டைக் கொல்லையிலிருந்து தையல்நாயகி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் அவனை மேலே தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவள் அழவில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

"ஷாட்டு முடிஞ்சிடுச்சிய்யா. எழுந்து சிரி."

பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "ஜல்தி சிரிய்யா, புள்ள அழுவுது" என்றாள். பெண்கள் வந்து அவளைத் தூக்கினார்கள். எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன், அன்றைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை.

அவனைப் புதைத்த மறுநாளே என்னிடம் வந்தாள். கருமாதிக்குப் படைக்க ஒரு படம் வேண்டும் என்றாள். படையல் ஒரு சாக்குதான். அவளுக்கு வேறு கவலை.

"இவ வளந்து எங்கப்பன் எப்படி இருந்தான்னு கேட்டா நான் எதக்கா காட்டுவேன்? கொட்டாய்க்குக் கூட்டிக்கினு போயி பொணத்தக் காட்டவா? அவரு சிரிச்சதெல்லாம் பொட்டியில இருக்குதுன்னாரே. அதுல ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கியாந்துடலாம்க்கா."

மெட்ராசுக்குக் கூட்டிப்போனேன். கோடம்பாக்கத்தில் பெரியதம்பி எங்களைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காபி வாங்கிக் கொடுத்தார். கண்ணையன் கடைசியாக நடித்த படங்களில் கேமரா அசிஸ்டெண்டாக இருந்த கிருஷ்ணசாமியிடம் அழைத்துப் போனார். நல்ல பையன். தையல்நாயகி என்ன கேட்கிறாள் என்று புரிந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. பெரியதம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சிரிப்பு ஷாட்டு பெரிய நடிகருங்கன்னா நெசமாவே எடுப்போம். மத்தவங்களுக்கு பிலிம வீணாக்க வேணாம்னு சொல்லிடுவாங்க. கேமரா மட்டும் ஓடும். உள்ள பிலிம் இருக்காது. ஓடுற சத்தம் கேட்டாலே அவங்களுக்கு மனசு ஆறிடும்."

"ஒண்ணுகூட இல்லியா தம்பி?"

"இல்லம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. முடிய ஒதுக்கிக்கினு, நெத்தியில இருக்கிற சந்தனத்தத் தொடச்சிக்கினு, நேரா லென்ஸப் பாத்து நல்லாச் சிரிப்பாரு."

நான் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். ஒரு ஏழையின் சிரிப்புக்கு ஒரு சாண் பிலிம் போட்டால் உங்கள் சினிமா முழுகிப் போய்விடுமா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைக் கேட்டு என்ன பயன்? தையல்நாயகி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தினி தரமும் சும்மாவா சிரிச்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்பும்போது கிருஷ்ணசாமி எங்கேயோ ஓடிப்போய்ப் படப்பிடிப்பில் எடுத்த ஒரு ஸ்டில்லைத் தேடிக் கொண்டுவந்தான். கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு, மூடிய கண். கண்ணையனை உலகத்தில் போட்டோவாகப் பிடித்தது அது ஒன்றுதான். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.

திண்டிவனத்தில் இறங்கி சவுரிராயன் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இது தனக்கு வழக்கமான வேலைதான் என்றார். உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுக்காமல், செத்த பிறகு எடுத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள் நிறைய உண்டாம். பஞ்சை எடுத்துவிட்டு, சட்டை போட்டுவிட்டு, கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து கொடுத்துவிடுவாராம்.

"வீட்டுக்காரருக்குக் கண்ணு எப்படி இருக்கும்மா? பெருசா, சின்னதா?"

தையல்நாயகி படத்தில் மூடியிருந்த கண்ணைப் பார்த்தாள். "நல்ல கண்ணுங்க" என்றாள்.

சவுரிராயன் குறை வைக்கவில்லை. காலர் வைத்த வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்த தலை, காலண்டர் சாமிக்கு இருப்பது போல அகலமான கண்கள். படம் வந்த அன்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லக்கா, முழிச்சிக்கினு இருக்காரு" என்றாள். அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டுப் படைத்தோம்.

அதற்கப்புறம் அவள் சினிமாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூலிக்குப் போனாள், பிள்ளையை வளர்த்தாள். காந்திமதி காலையில் எழுந்ததும் சுவரில் இருக்கிற படத்துக்குக் கும்பிடு போடப் பழகிக்கொண்டாள்.

எண்பத்தொன்பதில் ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தையல்நாயகி வந்து எதிரில் உட்கார்ந்தாள். காந்திமதி வெளியே வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரு கண்ணு எப்படி இருந்துச்சி?"

"ஏன்டி திடீர்னு?"

"மறந்துபோச்சிக்கா. சத்தியமா மறந்துபோச்சி. கண்ண மூடி நெனச்சா அந்த ஸ்டுடியோக்காரரு வரஞ்ச கண்ணுதான் வந்து நிக்குது. எம்மா பாடுபட்டாலும் அதத் தாண்டிப் போவ முடியல. நீதான் தெனம் பாத்தவளாச்சே, சொல்லேன்."

நான் முறத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். தெருவில் ஈரத் தலையோடு நிற்கிற கண்ணையனை நினைத்துப் பார்த்தேன். குரல் வந்தது, பல் வந்தது, அவன் நடக்கிற நடைகூட வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சவுரிராயன் வரைந்த கண்தான் இருந்தது. அதை எப்படி அவளிடம் சொல்வேன்?

"உன் பொண்ணப் பாருடி. அப்படியே அவ அப்பன் கண்ணுதான்" என்றேன்.

அவள் திரும்பி, மரத்தடியில் இருந்த காந்திமதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

"அது என் கண்ணுக்கா. அவ பொறந்தன்னிக்கு நீதான சொன்ன, அப்படியே ஆத்தா கண்ணுன்னு. அவருகூட ஆமான்னாரே."

சொல்லிவிட்டு என் கையிலிருந்து முறத்தை வாங்கி மிச்ச அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.