துணிக்காரரின் போனில் நான் மகள்

காப்பார் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தபோது நான் ஷா ஆலமில், அலுவலகத்தில் இருந்தேன். பேசியவர் தமிழர். என் பெயரைச் சொல்லி, நான்தானா என்று கேட்டார்.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. உங்க அப்பா இறந்துட்டாரு. கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

அன்று காலையில்தான் அப்பாவிடம் பேசியிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டில் லிப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுலதானே இருந்தாரு? பிரிக்ஃபீல்ட்ஸ்ல?"

"இல்லம்மா. இவரு காப்பார்ல துணி வியாபாரம் பண்ணிட்டிருந்தவரு. யாரோ தலையில அடிச்சிருக்காங்க. அவரு போன்ல உங்க நம்பரை மகள்னு போட்டு வச்சிருக்காரு."

துணிக்கார பாய். என் போனில் அவர் பெயர் அப்படித்தான் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தீபாவளிக்கு முன்னால் வேனில் துணி மூட்டைகளோடு எங்கள் பிளாட்டுக்கு வருவார். கல்யாணமாகி நான் கிள்ளானுக்கு வந்த பிறகு என் வீட்டுக்கும் வந்தார். இப்போதெல்லாம் சேலைப் படங்களை வாட்சப்பில் அனுப்புவார். பிடித்ததைச் சொன்னால் கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மனைவி இருந்தாரா, பிள்ளைகள் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டேன், குரலைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக. நடந்ததைச் சொன்னேன். பாய் செத்துவிட்டார், யாரோ தலையில் அடித்திருக்கிறார்கள், என்னைத் தவறுதலாகக் கூப்பிடுகிறார்கள் என்றேன். யார், எப்படி என்று அப்பா கேட்கவில்லை.

"நீ போகாத" என்றார்.

"ஏன்ப்பா?"

போனை வைத்துவிட்டார்.

வேறு யாரும் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னதால் போனேன். முகத்தை மட்டும் காட்டினார்கள். அவர்தான். உறவுமுறை கேட்டபோது, "அவர்கிட்ட துணி வாங்குவேன்" என்றேன். தமிழ்ப் போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார்.

"நேத்து இந்த நம்பர்லேர்ந்து அவருக்குத் திரும்பத் திரும்ப கால் வந்திருக்கு. யாரோடதுன்னு தெரியுமா?"

எனக்கு மனப்பாடமான எண்.

"எங்க அப்பா."

"இப்ப நீங்க எந்த அப்பாவைச் சொல்றீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டார்.

அங்கிருந்து நேரே கமுட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கார் ஓட்டும் நிலையில் நான் இல்லை. அப்பா சோபாவில் டிவி போடாமல் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கையில என்னப்பா?"

"விழுந்துட்டேன்."

"எங்க?"

"கீழ, பசார் பக்கம்."

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றார். "நேத்து மத்தியானம் போனவரு, இருட்டினப்புறம்தான் வந்தாரு. பழைய ஆபீஸ் கூட்டாளியைப் பார்க்கப் போனேன்னு எங்கிட்ட சொன்னாரு. இப்ப பசார்ங்கிறாரு" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவருக்கும் அது புரியவில்லை.

அப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. எஸ்கலேட்டரில் கூட பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பவர். அவர் ஒரு கிழவரின் தலையில் அடிப்பதைக் கற்பனை செய்ய முயன்றால் முடியவில்லை. விட்டுவிடலாம் என்றால் அந்த முழங்கை கண் முன்னால் வந்தது. கணவரிடம் சொன்னேன். "சும்மா இரு லா, உங்க அப்பாவா?" என்றார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவரும் போனில் அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.

காப்பார் சின்ன ஊர். பேஸ்புக்கில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள். வீட்டில் எதுவும் திருடு போகவில்லையாம். பெரிய குடும்ப விவகாரமாம். மகள் ஒருத்தி இருக்கிறாளாம், ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். அதைப் படித்த என் அலுவலகத் தோழி, "பாவம்டி, இப்படியும் பொம்பளைங்க இருக்காங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பள்ளிவாசல்காரர்கள் வந்து உடலை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அப்பாவை வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள். நான்தான் காரில் கூட்டிப் போனேன். அம்மாவும் கூட வந்தார். அப்பா உள்ளே போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் எதிரில் இருந்த டீக்கடையில் தே வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். லோரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா தேயைத் தொடவில்லை.

"நீ இங்கதான் நடக்கப் பழகின" என்றார் திடீரென்று.

"காப்பார்லயா? நாம எப்பவும் பிரிக்ஃபீல்ட்ஸ்லதானே இருந்தோம்?"

"நீ பொறந்தப்ப இங்கதான் இருந்தோம். பக்கத்து வீடு அவங்களோடது. பாயும் அவரு சம்சாரமும். பிள்ளை இல்ல."

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் பிறந்ததும் அம்மாவுக்கு உடம்பு மோசமாகிவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தாத்தா பாட்டி யாரும் பக்கத்தில் இல்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது நான் அந்தம்மா இடுப்பில் இருந்தேன். அம்மாவைப் பார்த்து அழுதேன்.

"கேட்டேன். உங்க அப்பா சொன்னாரு, நான் பிழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாராம், அதனால உன்னை அவங்களுக்கே கொடுத்துட்டாராம், வாக்குக் கொடுத்தாச்சுன்னாரு. நான் என்ன பண்ணுவேன்? சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ அவளை அம்மான்னு கூப்பிடுற. நான் இந்தப் பக்கம் சோறாக்கிட்டு இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு மேல."

"அப்புறம்?"

"அவ ஒருநாள் கடைக்குப் போனா. நீ வாசல்ல விளையாடிட்டு இருந்த. நான் தூக்கிட்டு வந்து கதவைச் சாத்திட்டேன். அன்னைக்கே லோரி பிடிச்சு பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துட்டோம்."

அந்தம்மா பிறகு ஊருக்கு, தமிழ்நாட்டுக்குப் போய்விட்டாராம். திரும்பி வரவே இல்லை. பாய் மட்டும் கொஞ்ச வருஷம் கழித்து எங்கள் பிளாட்டைக் கண்டுபிடித்து, துணி மூட்டையோடு வந்து நின்றிருக்கிறார். அம்மா கதவைத் திறந்திருக்கிறார். இரண்டு பேரும் பழைய விஷயத்தைப் பேசவில்லை. அவர் துணியை விரித்தார், அம்மா ஒரு கவுன் துணி எடுத்தார். அதிலிருந்து அப்படியே நடந்திருக்கிறது.

அப்பா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். காரில் ஏறியதும் அம்மா, "சொல்லிட்டேன்" என்றார். அப்பா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அன்னைக்கு நான் அங்கதான் போனேன்" என்றார். "அவருக்கு வயசாயிடுச்சு. கண்ணை மூடறதுக்குள்ள உங்கிட்ட சொல்லணும்னாரு. வேண்டாம்னு போன்ல சொல்லிப் பார்த்தேன், கேக்கல. அதான் நேர்ல போனேன். சத்தம் போட்டேன். பஸ்லேர்ந்து இறங்கறப்பதான் விழுந்தேன்."

"சொன்னா என்னப்பா ஆயிடும்?"

"அவரு முஸ்லிம். நீ அவரு வளர்த்த பிள்ளைன்னு எங்கயாவது பதிவாயி, இந்த நாட்டுச் சட்டப்படி உன்னையும் முஸ்லிம்னு எழுதிட்டா, உன் கல்யாணம், உன் பிள்ளைங்க, எல்லாத்துக்கும் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கணும்னு யாருக்குத் தெரியும்? பயம்தான். வேற என்ன?"

அந்தப் பயம் சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும்கூட.

"ஆனா நீங்கதானே என்னைக் கொடுத்தீங்க?"

"யாரு கொடுத்தா? பார்த்துக்கச் சொன்னேன். உங்கம்மா வர்ற வரைக்கும் பார்த்துக்குங்கன்னுதான் சொன்னேன்."

பின் இருக்கையிலிருந்து அம்மா, "வாக்குக் கொடுத்துட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்களே" என்றார்.

"நான் எப்ப சொன்னேன்?"

"அடுப்பு பக்கத்துல நின்னுட்டு சொன்னீங்க."

"நீ காய்ச்சல்ல இருந்த. எதையோ கேட்டிருக்க."

ஜாலான் காப்பார் சாலையில் போகும் லோரிகளுக்கு நடுவில் நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் கிள்ளான் வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிற மாதிரி இல்லை. மூன்றாவது ஆளிடம் கேட்கலாம் என்றால் அவர் போய்விட்டார்.

கொலைகாரன் சீக்கிரமே பிடிபட்டான். பாய் வீட்டுக்கு எதிரில் இருந்த மோட்டார் ஒர்க்‌ஷாப்பின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே அப்பா போய்விடுகிறார். பாய் வாசல் வரை வந்து வழியனுப்புகிறார். அதற்குப் பிறகு வேறொருவன் வருகிறான். அந்தத் தெருவில் குடியிருந்த ஆள். அவன் மனைவியை அடிப்பான் என்பது தெருவுக்கே தெரியும். அவள் கைக்குழந்தையோடு பாய் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். பாய் அவளை ஒரு டாக்சியில் ஏற்றி அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கே அனுப்பினாய் என்று கேட்டு அவன் வந்திருக்கிறான். அவர் சொல்லவில்லை. செமினியில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்தவனைப் பிடித்தார்கள்.

ஆக, எங்கள் வீட்டு ரகசியத்துக்கும் அந்தக் கொலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அப்பா குற்றவாளி இல்லை என்றதும் அழுதேன். ஆனால் யாருக்காக அழுகிறேன் என்பது அழும்போதே பிடிபடவில்லை.

பாய் டாக்சியில் அனுப்பிய அந்தப் பெண்ணை, நான் கையெழுத்துப் போடப் போனபோது காப்பார் போலீஸ் நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். நான் யார் என்று போலீஸ்காரர் எப்படிச் சொல்லிவைத்திருந்தாரோ, நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க அப்பா எங்கிட்ட சொன்னாரு, பிள்ளையை மட்டும் யார்கிட்டயும் விட்டுட்டுப் போகாதேன்னு. டாக்சி கதவைச் சாத்தற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

நான் அவளைத் திருத்தவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்? "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தானாகவே காப்பாருக்குப் போகலாம் என்றார். பள்ளிவாசல் ஆட்களிடம் கேட்டு அடக்க இடத்துக்குப் போனோம். புது மண், மேலே ஒரு கட்டை நட்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கும்பிடலாமா கூடாதா என்று அம்மா என்னைக் கேட்டார். நான் இரண்டு கையையும் சும்மா தொங்கவிட்டு நின்றேன். பக்கத்தில் வேறொரு குடும்பம் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தது. அவர்கள் முடிக்கும்வரை நாங்களும் நின்றோம். அவர்கள் எழுந்ததும் நாங்களும் நகர்ந்தோம்.

திரும்பும் வழியில், பழைய வீடு இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே ஒரு தொழிற்சாலையின் வேலியும், கன்டெய்னர்கள் அடுக்கிய ஒரு திடலும்தான் இருந்தன.

"இந்தப் பக்கம் நம்ம வீடு, அந்தப் பக்கம் அவங்க வீடு" என்றார் அம்மா.

"இல்ல, அந்தப் பக்கம்தான் நாம" என்றார் அப்பா.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் காருக்கும் வேலிக்கும் நடுவில் நின்று, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு, "ஏறுங்க, போகலாம்" என்றேன்.