பச்சை ஹார்ட்டுகளுக்கு அடியில் ஒரு மழைச் செய்தி

எங்கள் மில் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்த மறுநாளே முதலாளி கேட்டார்: "ஏம்மா வசந்தி, நான் போட்ட குட் மார்னிங்குக்கு நீ மட்டும் பதில் போடலியே, எதும் கோவமா?"

அவர் எனக்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

1. அழித்தால் லட்சுமி போய்விடுவாள்

குடவாசல் பக்கம் ஒரு ரைஸ் மில். நான் ஓய்வு பெறும்வரை அங்கே ஆபீஸ் மேனேஜர். லோடு வந்தால் லாரியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். அதையே மெயிலில் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பிறகு பிரிண்ட் வேறு. ஒன்றையும் அழிக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. நெல் படத்தை அழித்தால் லட்சுமி போய்விடுவாளாம்! காலில் நெல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர், நான் என்ன சொல்ல? போன் பண்ணவும் விட மாட்டார். "எதா இருந்தாலும் குரூப்ல போடுங்க, ரெக்கார்டு இருக்கும்" என்பார்.

2. சிங்கப்பூரிலிருந்து வந்த ஞானம்

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். சிங்கப்பூரில் இருக்கும் முதலாளியின் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். நாம் அனுப்பும் படமெல்லாம் எங்கோ ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டரில் ராப்பகலாகக் கரண்ட் குடித்துக்கொண்டு கிடக்கிறது, அந்தக் கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கத் தண்ணீரும் செலவாகிறது, தேவையில்லாததை அனுப்பாதீர்கள், அழியுங்கள் என்றது வீடியோ. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வருஷா வருஷம் காத்துக் கிடக்கும் ஆட்கள் நாங்கள். தண்ணீர் என்றதும் முதலாளி உருகிவிட்டார்.

உருகியவர் என்ன செய்தார்? அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டார். மெயிலில் எல்லோருக்கும் அனுப்பினார். அதில் சொன்னதை எழுதி மேசைக்கு ஒரு கலர் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். போதாதென்று, தான் கும்பிட்டு நிற்கும் படத்தோடு "சுற்றுச்சூழல் காப்போம்" என்று லாரி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து மில் வாசலில் கட்டினார். பேனர் கட்டிய அன்று நாங்கள் குரூப்பில் ஆளாளுக்குப் பச்சை ஹார்ட் போட்டோம்.

அதே மதியம், எங்கள் களத்தில் வலங்கைமான் விவசாயி கலியமூர்த்தியின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தில் அவருக்கு வந்த மொத்த வெள்ளாமையும் அதுதான். நனைந்தால் முளைவிட்டுவிடும், மில் வாங்காது. திருவாரூரிலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் டிரைவர் முருகேசன், "மழை வருது, களத்தை மூடுங்க" என்று குரூப்பில் போட்டான். உடனே அதன்மேல் ஹார்ட்டாக வந்து குவிந்தது. முதலாளியின் போன் நிரம்பிப்போய் எதையும் உள்ளே வாங்கவே இல்லை. கடைசியில் முருகேசன் சட்டத்தை மீறி எனக்குப் போன் பண்ணினான்.

"அக்கா, மழை என் பின்னாடியே வருதுக்கா! குரூப்ல போட்டேனே, பாக்கலையா?"

"எங்கப்பா போட்ட?"

"ஹார்ட்டுக்கு நடுவுலக்கா!"

ஐயோ, ஓடினோம் பாருங்கள்! முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லைக் குவித்தார். தார்ப்பாய்களை இழுத்து மூடினோம். ஒரு குவியலுக்கு மட்டும் தார்ப்பாய் இல்லை. கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை உதறி அதன்மேல் போர்த்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யோவ், அந்த பேனரை அவுத்துக் கொண்டாங்கய்யா!" என்று கத்தினார் முதலாளி.

மழை கொட்டியது. கும்பிட்ட கையோடு பேனர் முதலாளி நெல்மேல் மல்லாந்து படுத்து அத்தனை மழையையும் வாங்கிக்கொண்டார். நிஜ முதலாளி பக்கத்தில் தொப்பலாக நின்றார். முதலில் கலியமூர்த்திதான் சிரித்தார். அப்புறம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

3. தூற்றினோம்

ஆபீஸில் தலையைத் துவட்டிக்கொண்டே முதலாளி திடீரென்று கேட்டார்: "ஏம்மா, களத்துல பதரைத் தூத்துறோமே, லட்சுமி கோவிச்சுக்கிட்டா போயிட்டா?"

"இல்லீங்களே."

"அப்ப போன்லயும் தூத்துங்க!"

தானே கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரே பெருமை. அதன்பின் லோடுக்கு ஒரே படம், பிரிண்ட் கிடையாது, அவசரம் என்றால் போன். மறுநாள் காலை குரூப் சத்தமில்லாமல் கிடந்தது. எதிர் மேசையிலிருந்து தலையை நீட்டி, "குட் மார்னிங்மா" என்றார், வாயால்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, எதை அனுப்பும் முன்னும் ஒன்று யோசியுங்கள்: இதைப் பார்த்து யாராவது எழுந்து ஓடிப்போய் நெல்லை மூடுவார்களா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நெல் காய்ந்து எடை போட்டு முடிந்ததும் கலியமூர்த்தி ஆபீஸுக்கு வந்தார். "மொதலாளி மழையில படுத்திருந்தாரே, அதை யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா?"

யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோலத்தை எங்களில் ஒருவர்கூட இன்றுவரை மறக்கவும் இல்லை.