கடைசி வீட்டு அளவு

அவருக்கு ஊர் வைத்த பெயர் மீட்டர். முப்பத்தொரு வருஷமாக ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிறவர். பம்ப் அறையில் தடிமனான நோட்டு ஒன்று உண்டு. தொட்டியின் மட்டம், மோட்டார் ஓடிய நேரம், குழாயின் அழுத்தம் எல்லாம் மணிக்கு மணி அதில் ஏறிவிட வேண்டும். தன் கல்யாணத்தன்றுகூட காலை ஆறு மணி ரீடிங்கை எழுதிவிட்டுத்தான் மாப்பிள்ளை வந்து நின்றாராம். அதைச் சொல்லிச் சொல்லியே மனைவி இருபத்தெட்டு வருஷம் அவரைக் கேலி செய்தாள்.

அந்த அம்மாள் போய் ஏழு மாசம் ஆகிறது. இரண்டே நாள் காய்ச்சல். மீட்டர் அழவில்லை. வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை, வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் அழவில்லை. "மனுஷனுக்கு நெஞ்சுல என்ன கல்லா?" என்று அவர் காதுபடவே கேட்டார்கள். ஊர் வாய்க்கென்ன, பேசத்தான் செய்யும். ஆனால் அந்தச் சந்தேகம் அவருக்கே இருந்தது. மனசு மரத்துக் கிடந்தது. சாப்பிட்டார், தூங்கினார், வால்வைத் திறந்தார், எழுதினார்.

மகள் ஒருத்திதான். நகரத்தில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கெங்கோ இருக்கிற பத்துப் பேரோடு முகம் பார்த்துப் பேசுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"அப்பா, இனிமே வீட்டுல இருந்தே வேலை செய்யலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இங்க இருக்கற வீட்டையும் இந்த மாசக் கடைசியில காலி பண்ணணும். நம்ம வீட்டுல நல்ல நெட் கிடைச்சா நான் அங்கயே வந்து உங்களோட இருந்துடுவேன். என்னென்ன இருக்கு, எது நல்லா வருதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"எவ்வளவு வரணும்?"

"இருபது எம்பிக்கு மேல வேகம் வந்தா தாராளம்."

"சரிம்மா. பார்த்துச் சொல்றேன்."

போனை வைத்ததும் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வேறு ஒருத்தராக இருந்தால் முதலில் மகளுக்கு ஒரு கட்டில் துடைத்துப் போட்டிருப்பார்.

ஊரில் மூன்று வழி இருந்தது. சிம் போட்ட பெட்டி ஒன்று. நர்ஸ் அம்மா வீட்டோடு நின்றுவிட்ட கேபிள் ஒன்று. நாலு கம்பம் நட்டால் இவர் வீட்டுக்கும் இழுத்துவிடலாம் என்றார்கள். மூன்றாவது கோழிப்பண்ணைக்காரர் கூரையில் இருக்கும் டிஷ், தூரத்து டவரிலிருந்து காற்றிலேயே வாங்கிக்கொள்வது. மீட்டர் தன் போனில் வேகம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, நோட்டும் கையுமாகப் பன்னிரண்டு நாள் அலைந்தார்.

தண்ணீர் விடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் குழாய் பீய்ச்சி அடிக்கும், அதை அளந்து என்ன ஆகப்போகிறது? ஊர்க்குழாய் அத்தனையும் திறந்திருக்கும்போது தெருவின் கடைசி வீட்டில் குடம் நிறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் இருப்பதிலேயே குறைந்த அளவைத்தான் மேலே எழுதி அனுப்ப வேண்டும். முப்பத்தொரு வருஷம் அப்படி எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வருமா?

நர்ஸ் அம்மா வீட்டில் இருந்த ஆறு பேரையும் ஒரே நேரத்தில் போனில் படம் பார்க்கச் சொன்னார். "எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் அம்மா தானும் ஒரு சமையல் வீடியோவைப் போட்டார். மீட்டர் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அளந்தார். இரண்டு. சிம் பெட்டியைத் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய சாமான்களுக்கு நடுவில் வைத்து அளந்தார். சைபர். கோழிப்பண்ணையில் பெட்டி இருந்த அறையைத் தாண்டி, நாலு கொட்டகையையும் தாண்டி, கடைசிக் கொட்டகைக்குப் போய்க் கோழிகளுக்கு நடுவில் நின்றார். நாலு.

சும்மா வேலை மெனக்கெட்டு அலையவில்லை அவர். வந்த பிறகு சரிப்படவில்லை என்று மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதை மட்டும் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஏழு மாசத்தில் அவருக்குத் தோன்றியது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். தேதி, நேரம், மூன்று சர்வீஸ், முப்பத்தாறு அளவு, கீழே கையெழுத்து. இரண்டு நாள் கழித்து, "பார்த்தேன்பா. சரி" என்று பதில் வந்தது. அவர் அனுப்புகிற ரீடிங்குக்கு இன்ஜினியரும் "சரி" என்றுதான் எழுதுவார், அதற்கு மேல் இவரும் கேட்டதில்லை. இருந்ததில் நாலுதான் பெரியது. மகள் வரச் சம்மதித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே டிஷ்ஷுக்குச் சொல்லிவிட்டார். ஜன்னல் ஓரத்து அறையில் மனைவியின் துணிகள் இருந்த பீரோவைக் காலி செய்து மேஜையும் நாற்காலியும் போட்டார். துணிகளை மடித்து மூட்டை கட்டும்போதும் ஒன்றும் தெரியவில்லை. முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

புதன்கிழமை காலையில் டிஷ் மாட்டுகிறவர் வந்தார். நடுவயசு ஆள், வாய் ஓயாது. கூரையில் ஏறி இறங்கி, பெட்டியை மேஜைமேல் வைத்து, தன் போனைப் பார்த்தார்.

"அறுபத்தி ரெண்டு சார்! அமோகமா வருது."

"எப்பவாவது ஒரு தடவை வரும். நான் அளந்தது நாலு."

"நாலா? கோழிப்பண்ணையில நான்தான் சார் மாட்டினேன். அம்பதுக்குக் கீழ இறங்கினதே இல்லையே. எங்க நின்னு அளந்தீங்க?"

"கடைசிக் கொட்டகையில."

டிஷ்காரர் சிரித்தார். "அங்க கோழிதான சார் இருக்கு! உங்க பொண்ணு இந்த ரூம்ல தான உக்காரப் போறாங்க?" பிறகு மீட்டரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எதுக்கும் அவங்களையே கூப்பிட்டுப் பாருங்க. வீடியோல" என்றார்.

மகள் உடனே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

"அப்பா! என்ன இவ்வளவு தெளிவா தெரியறீங்க?"

"டிஷ் போட்டாச்சு. அறுபத்தி ரெண்டு வருது."

"அப்புறம் ஏன்பா நாலுன்னு அனுப்பினீங்க?"

"இருக்கறதுலயே குறைஞ்சதை எழுதினேன். எப்பவும் அப்படித்தானம்மா எழுதுவோம்."

"நேத்து இங்க வேற வீட்டுக்குக் கையெழுத்து போட்டுட்டேன்பா. ரெண்டு வருஷத்துக்கு."

"ஓ."

"அந்தப் பக்கத்தை ரெண்டு நாள் வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். என்னைப் பார்த்தா அம்மா ஞாபகம் வரும், அதை நேரா சொல்ல முடியாம இப்படி அனுப்பியிருக்கீங்கன்னு. அத்தனை நம்பர் எழுதினீங்களே, வான்னு ஒரு வார்த்தை எழுதலையேப்பா."

மீட்டர் பக்கத்தில் கிடந்த நோட்டைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். அவருக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் விட்டுப்போனது எதுவும் இல்லை என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நீ வரணும்னுதான்மா அளந்தேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் வலித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஏழு மாசமாக எங்கே இருந்ததோ, பெண்டாட்டியும் போனாள், இப்போது மகளும் இல்லை என்பது அத்தனையும் ஒன்றாக வந்து நின்றது.

அங்கே மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டிஷ்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே போனார். போனில் தெரிகிற இந்தப் படம் நடுவில் ஒரு தடவையாவது நின்று தொலைத்தால் தேவலை என்று இருந்தது மீட்டருக்கு. நிற்கவில்லை.